நேற்று ஒரு எடை, இன்று ஒரு எடை: மெஷின் காட்டும் எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை ரேஸ்கோர்ஸில் காலை நடைக்கு எங்களோடு வருகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நடக்கும்போது கேட்பார்கள், நடந்து முடித்து காபி குடிக்கும்போது கேட்பார்கள், அப்புறம் ராத்திரி வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஆள்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினமும் நடந்து, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு காலையில் மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்து மனசு விட்டு, மொத்தத்தையும் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

அக்கா, நேத்து காலைல 78.4 இருந்தேன். இன்னைக்கு 79.6 காட்டுது. ஒரே நாள்ல ஒரு கிலோவுக்கு மேல எப்படி ஏறும்?

தாராளமாக ஏறும், ஆனால் ஏறியது கொழுப்பில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், அன்றாடத் தேவை போக சுமார் 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். நீங்கள் சொல்லும் 1.2 கிலோவுக்கு 9,200-க்கும் மேலே. ஒரு பிளேட் பிரியாணியை ஆயிரம் கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான மூன்று வேளையும் சாப்பிட்டு, அதற்கு மேல் ஒன்பது பிளேட் பிரியாணி சாப்பிட்டிருக்க வேண்டும். நேற்று நீங்கள் அப்படிச் சாப்பிடவில்லை, சாப்பிடவும் முடியாது.

ஒரே நாளில் ஒரு கிலோ இறங்கினாலும் இதே கணக்குதான், போனது கொழுப்பு கிடையாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கொழுப்பு இல்லைன்னா அந்த ஒரு கிலோ எங்கிருந்துதான் வந்துச்சு?

பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைப்பதில் முதல் ஆள் உப்பு. ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சாதாரண சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். உடம்புக்குள் ஓடும் நீரிலும் உப்புத்தன்மை கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்க வேண்டும். ஆகவே ஒரு நாள் ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு, ஓட்டல் சாம்பார் என்று வழக்கத்தைவிட நான்கைந்து கிராம் உப்பு கூடிப்போனால், அதைச் சரிக்கட்ட அரை லிட்டர் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். தாகம் எடுக்கும், குடிப்போம், காலையில் மெஷின் அரைக் கிலோ கூடக் காட்டும். சிறுநீரகம் அந்த உப்பை வெளியே தள்ள ஒன்றிரண்டு நாள் ஆகும், அத்தோடு தண்ணீரும் போய்விடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் வீடுகளில் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம்.

இரண்டாவது ஆள் மாவுச்சத்து. சோறு, இட்லி, சப்பாத்தி எதுவானாலும் அதிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற பெயரில் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. மொத்தம் அரைக் கிலோவுக்குள்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சேமிப்பு நிரம்பினாலோ தீர்ந்தாலோ ஒன்றரை, இரண்டு கிலோ அங்கே இங்கே ஆகும்.

மூன்றாவது, வயிற்றிலும் குடலிலும் இருப்பது. சாப்பிட்டது வெளியே போக ஒரு நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். இரண்டு நாள் மலச்சிக்கல் என்றால் அந்தச் சுமையையும் மெஷின் சேர்த்துத்தான் காட்டும்.

எந்த நேரத்துல பார்த்தா சரியான எடை தெரியும்?

காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால். முடிந்தவரை ஒரே மாதிரி மெல்லிய உடையில். ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் அரைக் கிலோ அளவுக்குப் போயிருக்கும், அதனால் ராத்திரி எடையையும் காலை எடையையும் ஒப்பிடவே கூடாது. ஒரு டம்ளர் காபி 150 மில்லி என்றால் 150 கிராம், நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்ந்தால் இன்னும் 300, 400 கிராம். சாப்பிட்டதும் ஏறி நின்றால் சாப்பாட்டின் எடைதான் கூடத் தெரியும்.

ரயில் நிலையத்தில் காசு போட்டுப் பார்த்தது, டாக்டர் கிளினிக்கில் செருப்போடும் புடவையோடும் பார்த்தது, வீட்டில் பார்த்தது, இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

தினமும் பார்க்கணுமா, வாரம் ஒரு தடவை போதுமா? ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க.

மனசு தாங்கும் என்றால் தினமும் பாருங்கள், ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்து அந்தச் சராசரியை மட்டும் மதியுங்கள். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். மேலே 79.6 என்று கேட்ட அதே கணக்கை இரண்டு வாரத்துக்கு நீட்டிப் பார்ப்போம். முதல் வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை 78.4, 79.6, 79.1, 78.7, 78.2, 78.5, 78.0. அடுத்த வாரம் 78.3, 77.9, 78.8, 78.6, 77.8, 77.9, 78.1. ஞாயிறு மட்டும் எடை பார்க்கிறவருக்கு முதல் வாரம் 78.0, அடுத்த வாரம் 78.1. 'இவ்வளவு பாடுபட்டும் நூறு கிராம் ஏறியிருக்கே' என்று உட்கார்ந்துவிடுவார். ஏழு நாள் சராசரியோ முதல் வாரம் 78.6, இரண்டாம் வாரம் 78.2. அதாவது 400 கிராம் குறைந்திருக்கிறது, நல்ல வேகம். வாரம் ஒரு தடவை பார்க்கிறவர் தன் உழைப்புக்குப் பலன் இல்லை என்று நினைத்தது அந்த ஒரு நாள் தண்ணீரால்தான்.

தினமும் பார்த்தால் நாள் முழுக்க அதே நினைப்பு என்கிறவர்கள் வாரம் ஒன்று பார்க்கலாம். ஆனால் முடிவுக்கு வருவதற்கு முன் நான்கு வாரமாவது எண்களைச் சேருங்கள். இன்னும் கஷ்டமாக இருக்கிறவர்கள் கடைசிக்கு முந்தைய கேள்வியைப் பாருங்கள்.

எங்க வீட்டு மெஷின் ஹாலில் ஒன்னு காட்டுது, பெட்ரூமில் ஒன்னு காட்டுது. மெஷினே சரியில்லையோ?

தரையைப் பாருங்கள் முதலில். டிஜிட்டல் மெஷினின் நாலு காலிலும் எடை பதிய வேண்டும். ஒரு கால் டைல்ஸ் இடுக்கில் நின்றாலோ, அடியில் மிதியடி இருந்தாலோ எண் மாறிவிடும். கெட்டியான சமதரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வைத்துவிடுங்கள். நகர்த்தி வைத்தால் காலால் ஒரு முறை தட்டி, பூஜ்யம் வரும்வரை காத்திருந்து அப்புறம் ஏறுங்கள். பேட்டரி தீரப்போகும் சமயத்திலும் கோளாறு காட்டும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஏறி நில்லுங்கள், அப்புறம் பை இல்லாமல் நில்லுங்கள். வித்தியாசம் 5 கிலோவை ஒட்டி வந்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு விஷயம், பல டிஜிட்டல் மெஷின்கள் கடைசியாகப் பார்த்த எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு, புது எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால் பழைய எண்ணையே திருப்பிக் காட்டும். மூன்று தடவை ஏறி மூன்று தடவையும் ஒரே எண் வந்தது என்பதால் அது துல்லியம் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு தடவை அரிசிப் பையோடு ஏறி இறங்கினால் அந்த ஞாபகம் அழிந்துவிடும்.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் போயிட்டு வந்தேன், ரெண்டு கிலோ ஏறிடுச்சு. நாளைக்கு முழுப் பட்டினி கிடந்து சரி பண்ணிடவா?

வேண்டவே வேண்டாம். கல்யாண வீட்டில் என்ன நடந்தது என்று யோசியுங்கள்: வடை, பாயசம், அப்பளம், ஊறுகாய், பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு நாலைந்து மணி நேரம், சரியான தூக்கமில்லை, காலைக்கடனும் ஒழுங்காகப் போகவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. உண்மையில் கொழுப்பாகச் சேர்ந்தது ஒரு 200, 300 கிராம் இருக்கலாம். மீதி மூன்று நான்கு நாளில் தானாக இறங்கும்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்றால், மறுநாள் ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்கும், 'ஆகா வேலை செய்கிறது' என்று தோன்றும், சாயங்காலம் பசி தாங்காமல் கையில் கிடைத்ததை எல்லாம் சாப்பிடுவோம், மறுபடி ஏறும், மறுபடி பட்டினி. தண்ணீர் ஏறி இறங்குவதற்காக நம்மை நாமே இப்படித் தண்டித்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. வீட்டுக்கு வந்த மறுநாளே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், அதுவே போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது ஆபத்து, சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கிவிடும்.

சோத்தை நிறுத்தின முதல் வாரம் மூணு கிலோ போச்சு மேடம். ரெண்டாவது வாரம் ஒன்னுமே இல்ல. டயட் வேலை செய்யலயா?

முதல் வாரம் போனதில் பெரும்பகுதி கிளைகோஜனும் அது பிடித்துவைத்திருந்த தண்ணீரும். அந்தச் சேமிப்பு ஒரு தடவைதான் காலியாகும், இரண்டாவது வாரம் காலியாக ஒன்றும் மிச்சமில்லை. இனிமேல்தான் கொழுப்பு குறையும் வேகம் வெளியே தெரியும், அது வாரத்துக்கு அரைக் கிலோ என்றால் மிக நல்லது. ஒரு வாரத்தில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்கிறவர்கள் விற்பது இந்த முதல் வாரத் தண்ணீரைத்தான்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் வயிறாரச் சோறு சாப்பிட்டால் அந்தச் சேமிப்பு திரும்ப நிரம்பி எடை ஏறும். அதைப் பார்த்து 'எனக்குச் சோறே ஆகாது' என்று முடிவு கட்டாதீர்கள். ஏகாதசி விரதமோ ரம்ஜான் நோன்போ இருக்கும்போது இறங்குவதும் பிறகு ஏறுவதும் இந்த வகைதான்.

மாசா மாசம் தலைக்குளிக்கிற நேரம் நெருங்கினா ஒன்றரைக் கிலோ ஏறுதுக்கா. அந்த வாரம் டயட்டே வேஸ்டுன்னு விட்டுடுறேன்.

இதைக் கேட்கப் பல பெண்கள் தயங்குகிறார்கள், தயங்க ஒன்றுமே இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஹார்மோன் மாற்றத்தால் உடம்பில் நீர் கோத்துக்கொள்வது இயல்பு. மோதிரம் இறுக்கும், மார்பு கனக்கும், வயிறு உப்பும், எடையும் அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை கூடும். பலருக்கு ரத்தப்போக்கு தொடங்கும் நாளில் உச்சத்தில் இருந்து, அடுத்த சில நாளில் இறங்கிவிடும்.

ஆகவே உங்களுக்கு வாரச் சராசரிகூடப் போதாது. இந்த மாதம் மாதவிடாய் முடிந்த வாரத்தின் சராசரியை, போன மாதம் அதே வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுங்கள். கேலண்டரில் எடைக்குப் பக்கத்தில் அந்த நாட்களுக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும், இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் உடம்பின் வழக்கம் உங்களுக்கே பிடிபடும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் இருக்கிறவர்களுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போவதால் இந்த வழக்கம் குழம்பும், அவர்கள் இன்னும் நீண்ட காலத்தைப் பார்க்க வேண்டும்.

ஜிம்மில் சேர்ந்து பத்து நாள் ஆச்சு, ஒரு கிலோ ஏறியிருக்கு. ட்ரெய்னர் அது மசில்னு சொல்றார். நிஜமா?

பத்து நாளில் ஒரு கிலோ தசை யாருக்கும் வராது. பழக்கமில்லாத பயிற்சி செய்தால் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரை அனுப்புகிறது. மறுநாள் படியிறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அதே காரணம். பயிற்சி செய்யும் தசை கிளைகோஜனையும் கூடுதலாகச் சேமிக்கும், அதோடும் தண்ணீர் வரும். யாராவது கிரியேட்டின் பவுடர் கொடுத்திருந்தால் அதனாலும் ஒன்றிரண்டு கிலோ நீர் சேரும். எதுவுமே கெடுதல் இல்லை. சேர்ந்த முதல் மாதத்து எண்ணை வைத்து ஜிம்மை விட்டுவிடாதீர்கள்.

நல்லா வேர்க்க வேர்க்க நடந்தா கொழுப்பு கரையும்னு பிளாஸ்டிக் கோட் போட்டு நடக்கிறார் எங்க வீட்டுக்காரர். நடந்ததும் 800 கிராம் குறையுதாம்.

அவரைத் தயவுசெய்து கழற்றச் சொல்லுங்கள். அந்த 800 கிராமும் வியர்வை, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் திரும்ப வந்துவிடும். வெயில் காலத்தில் அப்படி நடப்பது உடம்புச் சூட்டை ஏற்றி மயக்கத்தில் கொண்டுபோய் விடும், ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர் என்றால் இன்னும் மோசம். கொழுப்பு வெளியே போகும் வழி வேறு. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில்தான் போகிறது, மீதி 1.6 கிலோதான் நீராக மாறுகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். வியர்வையின் அளவுக்கும் கொழுப்புக்கும் நேரடிச் சம்பந்தமில்லை.

தண்ணீரைக் குறைத்து எடையைக் குறைக்கப் பார்ப்பதும் இதே தவறுதான்.

மூணு வாரமா அதே எண்ணுல நிக்குது. இதுவும் தண்ணிதானா, இல்ல நிஜமாவே நின்னுடுச்சா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கஷ்டமான கேள்வி இதுதான். மூன்று வாரம் என்றால் தண்ணீர் மறைத்துக்கொண்டிருக்க இன்னும் வாய்ப்பு உண்டு, குறிப்பாக மேலே சொன்ன மாதவிடாய்க் கணக்கும் புதுப் பயிற்சியும் ஒன்றாகச் சேர்ந்தால். இன்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து எழுதுங்கள். இடுப்பளவு குறைகிறது, ஜாக்கெட் தளர்கிறது என்றால் எடை நின்றாலும் கொழுப்பு குறைகிறது. இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்கள் 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. எடையைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன், நம் ஊரில் சர்க்கரை வியாதி தொப்பையோடுதான் வருகிறது.

ஐந்தாறு வாரமாகச் சராசரியும் நகரவில்லை, இடுப்பும் நகரவில்லை என்றால் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். 10 கிலோ குறைந்த உடம்புக்குத் தேவையும் தினம் சுமார் 200 கலோரி குறைந்திருக்கும், ஆரம்பத்தில் போதுமாக இருந்த சாப்பாட்டுக் குறைப்பு இப்போது போதாது. அடுத்தது சமையல்கட்டு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் அது ஒரு கரண்டியா மூன்று கரண்டியா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் மட்டும் அளந்து ஊற்றிப் பாருங்கள். தேங்காய்ச் சட்னி, சாயங்கால மிக்சர், சர்க்கரை போட்ட மூன்றாவது காபி, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, இவையெல்லாம் கணக்கில் வராமல் நழுவுகிறவை.

கொழுப்பு சதவீதம், தண்ணி சதவீதம் எல்லாம் காட்டுற ஸ்மார்ட் மெஷின் வாங்கினா இந்தக் குழப்பம் தீருமா?

தீராது. அது உள்ளங்கால் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது. உடம்பில் நீர் மாறினால் அந்த ஊகமும் மாறும், கால் ஈரமாக இருந்தால்கூட மாறும். செயலியில் எடை தானாகப் பதிந்து சராசரிக் கோடு வரையும், அந்த வசதிக்காக வாங்குவதென்றால் வாங்கலாம்.

அப்போ எவ்வளவு ஏறினாலும் தண்ணின்னு விட்டுடலாமா? எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

விடக்கூடாத சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி, கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து நிற்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் நடந்தாலே இளைக்கிறது என்றால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டிருக்கலாம். கர்ப்பிணிகளுக்குத் திடீர் எடையோடு முகம் வீங்குவது, தலைவலி, கண் மங்குவது இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டீராய்டு, சில சர்க்கரை மாத்திரைகள், அம்லோடிபின் மாதிரியான சில பிரஷர் மாத்திரைகள் நீர் கோக்க வைக்கும், ஆனால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். சோர்வு, முடி கொட்டுவது, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து எடை மெல்ல ஏறினால் தைராய்டு பரிசோதனை.

முயற்சியே செய்யாமல் எடை இறங்குவதையும் யாரும் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 70 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ தானாக இறங்கினால் காரணம் தேட வேண்டும். அதிகத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் என்றால் காசநோய்ப் பரிசோதனை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.

எண்ணைப் பார்த்தாலே அன்னைக்கு நாளே போயிடுதுக்கா. சாப்பிடவே பயமா இருக்கு.

அப்படியென்றால் மெஷினைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். எடை பார்க்காமலே எடை குறைக்கலாம், இன்ச் டேப்பும் பழைய சுடிதாரும் போதும். மாதம் ஒரு தடவை வீட்டில் வேறு யாராவது பார்த்து எழுதி வைக்கட்டும், எண்ணை உங்களிடம் சொல்ல வேண்டாம். சாப்பிட்டதை வாந்தி எடுக்க முயல்வது, பேதி மாத்திரை போடுவது, தண்ணீர் குடிக்கக்கூட பயப்படுவது என்று போயிருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். அது மருத்துவம் உள்ள நோய், உங்கள் மனவுறுதியில் எந்தக் குறையும் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், தினமும் மெஷினில் ஏறி 'ஐயோ' என்று நாம் சொல்வதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எழுபதுக்கு வந்துட்டேன் அக்கா! ஆனா இன்னைக்கு 70.9. திரும்ப ஏற ஆரம்பிச்சிடுச்சா?

முதலில் வாழ்த்துகள். இலக்கை 70 என்ற ஒரு புள்ளியாக வைக்காமல் 69-இலிருந்து 71 வரை என்று ஒரு வரம்பாக வையுங்கள். ஏனென்றால் எடை நிலையாக இருக்கும் உடம்பும் இந்த இரண்டு கிலோவுக்குள் மேலும் கீழும் போய்க்கொண்டேதான் இருக்கும். 70.9 அதற்குள்தான் இருக்கிறது, அடுத்த வாரம் 71.3 என்று ஒரு நாள் காட்டினாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். வாரச் சராசரி தொடர்ந்து மூன்று வாரம் 71-ஐத் தாண்டினால் மட்டும் எண்ணெய் அளப்பதையும் சாயங்கால நொறுக்குத் தீனியைக் குறைப்பதையும் திரும்ப ஆரம்பியுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.